வரவு எழுதாத கணக்கு: சம்பளம் ஏறியும் மனசு ஏன் நிறையல?



ஜூலை மாசம் எங்க ஆபீஸ்ல உட்கார இடம் இருக்காது. வருமான வரி ரிட்டர்ன் போடற சீசன். 2025 ஜூலையில் அந்தக் கூட்டத்துக்கு நடுவுல ஒருத்தர் வந்தார். வயசு 27, 28 இருக்கும். ஐடி வேலை. (அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மட்டும் மாத்தியிருக்கேன்.)

"சார், ஐடிஆர்-3 போடணும். எஃப் அண்ட் ஓ-ல நஷ்டம்"னு சொல்லி ஸ்டேட்மென்ட்டை நீட்டினார். நஷ்டம் 3,85,000 ரூபாய். அவரோட மாத கைச்சம்பளம் 82,000.

முதல்ல சட்டத்தை சொன்னேன். எஃப் அண்ட் ஓ நஷ்டம் வணிக நஷ்டம். அதை சம்பள வருமானத்தில் கழிக்க முடியாது. ஆனா கெடு தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டா, அடுத்த 8 வருஷம் வரைக்கும் வணிக லாபம் ஏதாவது வந்தா அதில் கழிச்சுக்கலாம். தலையை ஆட்டினார். அவர் முகத்தைப் பார்த்தா வரியைப் பத்தின கவலை மாதிரி தெரியல.

"இதுல ஏன் போனீங்க?"னு கேட்டேன்.

"தெரியல சார். எவ்வளவு வந்தாலும் பத்தல. பணம் பத்தலைன்னு இல்ல. எதுவுமே பத்தல."

2021-22 முதல் 2023-24 வரைக்கும் மூணு நிதியாண்டுல, எஃப் அண்ட் ஓ பண்ண தனிநபர்கள்ல 93% பேருக்கு நஷ்டம்னு செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வு சொல்லுது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல. இந்த எண் அவருக்கும் தெரியும். ட்ரேடிங் ஆப்பைத் திறந்தாலே அந்த எச்சரிக்கை வருது. தெரிஞ்சும் போனார். அதனால அவருக்குத் தேவைப்பட்டது இன்னொரு முதலீட்டுப் பாடம் இல்லைன்னு எனக்குப் பட்டது. இன்னைக்கு இந்தப் பதிவும் முதலீட்டைப் பத்தினது இல்லை. "எதுவுமே பத்தல"ங்கிற அந்தப் பழக்கத்தைப் பத்தினது.

ஒரு வெள்ளைத்தாள், ரெண்டு காலம்

நான் ஒரு கணக்காளர். மனசைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது கம்மி. தெரிஞ்சதை செஞ்சேன். அவரோட பழைய ஃபார்ம் 16-களையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் எடுக்கச் சொன்னேன். ஒரு தாள்ல ரெண்டு காலம் போட்டேன். இடது பக்கம் 2020-21, அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் முழு வருஷம். வலது பக்கம் 2024-25.

- மாத கைச்சம்பளம்: 26,000 → 82,000
- அக்கா கல்யாணத்துக்கு அப்பா பேர்ல வாங்கின கடன் பாக்கி: 5,20,000 → 0
- பிஎஃப், ஆர்டி எல்லாம் சேர்த்து சேமிப்பு: 40,000 → 6,10,000
- அப்பா அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு: இல்லை → 5 லட்சம்
- புதுசா வாங்கின பர்சனல் லோன்: 0 → 1,50,000
- எஃப் அண்ட் ஓ நஷ்டம்: 0 → 3,85,000
- வேலை முடிஞ்சு வீடு வர்ற நேரம்: ராத்திரி 7 மணி → 9.30

ரெண்டாவது வரியில பேனாவை வச்சு, "இந்தக் கடனை யார் அடைச்சது?"னு கேட்டேன்.

"நான்தான் சார். மாசம் 14,000. நாலு வருஷம்."

26,000 சம்பளத்துல 14,000 இஎம்ஐ. வட்டியோட சேர்த்து மொத்தம் 6,72,000 ரூபாய் கட்டியிருக்கார். 24 வயசுல பாதிக்கும் மேல சம்பளத்தைக் கடனுக்குக் கொடுத்துட்டு, மிச்சத்துல சென்னையில வாழ்ந்திருக்கார்.

"கடைசி இஎம்ஐ போன அன்னைக்கு என்ன பண்ணீங்க?"

கொஞ்ச நேரம் யோசிச்சார். "ஒண்ணும் பண்ணல சார். அடுத்த மாசத்துல இருந்து 14,000 மிச்சமாச்சு. அதைத்தான் ஆப்ஷன்ஸ்ல போட ஆரம்பிச்சேன்."

ஒரு வருஷத்துல அந்த 14,000 சேர்ந்து 1,68,000. அப்புறம் போனஸ்ல 67,000. அப்புறம் பர்சனல் லோன் 1,50,000. கூட்டிப் பாருங்க, 3,85,000 வரும்.

செலவு மட்டும் எழுதற நோட்டு

ஒரு கடைக்காரர் நோட்டுல செலவை மட்டும் எழுதிட்டு வர்றார்னு வச்சுக்கோங்க. சரக்கு வாங்கினது, வாடகை, கரண்ட் பில் எல்லாம் பைசா சுத்தமா இருக்கு. வியாபாரத்துல வந்த காசை மட்டும் எழுதறதே இல்லை. அந்தக் கடை எவ்வளவு லாபத்துல ஓடினாலும் நோட்டைத் திறந்தா நஷ்டம்தான் தெரியும். வியாபாரம் ரெண்டு மடங்கானா என்ன ஆகும்? செலவும் கூடும். நோட்டுல நஷ்டம் இன்னும் பெருசா தெரியும்!

நம்ம மனசு வச்சிருக்கிற நோட்டும் இப்படித்தான் இருக்கு. இல்லாதது எல்லாம் உடனே பதிவாகுது. ஃப்ரெண்டு கார் வாங்கினான், நான் வாங்கல. அவனுக்கு ஆன்சைட் கிடைச்சது, எனக்குக் கிடைக்கல. வந்தது எதுவும் பதிவாகறதில்லை. முதல் இன்க்ரிமென்ட் ஒரு வாரம் சந்தோஷம் தந்தது, ரெண்டாவது மாசம் அது "சம்பளம்" ஆயிடுச்சு. கடன் முடிஞ்சது ஒரு எஸ்எம்எஸ்ஸோட போச்சு.

உளவியல்ல இதுக்குப் பழைய பேர் இருக்கு. பிலிப் பிரிக்மன், டொனால்ட் கேம்ப்பெல்னு ரெண்டு பேர் 1971-லயே எழுதினாங்க. ட்ரெட்மில்ல ஓடற மாதிரி, எவ்வளவு வேகமா ஓடினாலும் திருப்தி அதே இடத்துலதான் நிக்கும்னு. புது வசதிக்கு மனசு சீக்கிரம் பழகிடும். பழகினதும் அது கணக்குலேர்ந்து காணாம போயிடும்.

பழகறது இயற்கை, அதை நிறுத்த முடியாது. ஆனா பதிவு பண்றது நம்ம கையில இருக்கு. திருப்தி தானா வரும்னு காத்திருந்தா வராது. வரவை உட்கார்ந்து எழுதணும்.

பக்கத்து வீட்டு பேலன்ஸ் ஷீட்

கம்பெனிகள் சட்டம் 2013-ல அட்டவணை III-னு ஒண்ணு இருக்கு. ஒரு கம்பெனி நிதி அறிக்கை போட்டா, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்துல போன வருஷ எண்ணையும் காட்டணும். ஒத்தை எண்ணுக்கு அர்த்தம் இல்லைங்கிறதுதான் காரணம். கவனிங்க, காட்டச் சொல்றது அதே கம்பெனியோட போன வருஷத்தை.

நாம என்ன பண்றோம்? நம்ம இந்த வருஷ எண்ணுக்குப் பக்கத்துல காலேஜ் வாட்ஸ்ஆப் குரூப்ல வந்த எண்ணைப் போடறோம். அந்த எண்ணாவது சரியான எண்ணா?

ஒரு கணக்கு போடுவோம். ஃப்ரெண்டுக்குப் பெங்களூர்ல 24 லட்சம் சிடிசி. கேட்ட உடனே நம்ம மனசு 12-ஆல வகுத்து மாசம் 2 லட்சம்னு முடிவு பண்ணிடும். பிரிச்சுப் பார்த்தா அது இப்படி இருக்கலாம்:

- ஜாயினிங் போனஸ் (முதல் வருஷம் மட்டும்): 2,00,000
- வேரியபிள் (கிடைச்சா உண்டு): 3,00,000
- கம்பெனி பங்கு பிஎஃப் (பேசிக் 9 லட்சத்துல 12%): 1,08,000
- கிராஜுவிட்டி: 43,000
- குரூப் இன்சூரன்ஸ்: 13,000
- மாசாமாசம் வர்ற சம்பளம், ஒரு வருஷத்துக்கு: 17,36,000

2025-26 புதிய வரி முறையில, 75,000 நிலைக்கழிவு போக 16,61,000-க்கு வரி, செஸ் சேர்த்து சுமார் 1,37,500. அவரோட பிஎஃப் பங்கு 1,08,000. ரெண்டும் போக, கைக்கு மாசம் சுமார் 1,24,000.

இப்போ நீங்க. 13 லட்சம் சிடிசி. கம்பெனி பிஎஃப் (பேசிக் 5,40,000-ல 12%) 64,800, கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் போக 12,00,000. நிலைக்கழிவுக்கு அப்புறம் 11,25,000. அது 12 லட்சத்துக்குள்ள இருக்கறதால தள்ளுபடி கிடைச்சு வரி பூஜ்ஜியம். உங்க பிஎஃப் பங்கு 64,800 போக மாசம் சுமார் 94,600. (தொழில் வரி சின்னத் தொகை, ரெண்டு பக்கமும் விட்டுட்டேன்.)

13-க்கும் 24-க்கும் நடுவுல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வித்தியாசம் தெரியுது. கைக்கு வர்றதுல வித்தியாசம் சுமார் 30,000. நீங்க கோயம்புத்தூர்ல சொந்த வீட்டுல இருந்து, அவர் பெங்களூர்ல வாடகை கொடுத்தா, அந்த 30,000-மும் வாடகையிலயே போயிடலாம்.

"அவனும் ஒண்ணும் பெருசா சம்பாதிக்கல"ன்னு மனசைத் தேத்திக்கிறதுக்காக இதை சொல்லல. வேரியபிள் வந்தா அவர் கையில இன்னும் அதிகம் இருக்கும். அந்த 30,000-மும் நிஜமான பணம்தான். நான் சொல்றது, ராத்திரி 11 மணிக்கு உங்களைத் தூங்கவிடாம பண்ற அந்த எண்ணே தப்பான எண்.

ஒப்பீடு எப்படி வேலை செய்யுதுங்கிறதுக்கு ஒரு ஆய்வு இருக்கு. அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாநில ஊழியர்களோட சம்பளத்தை 2008-ல ஒரு பத்திரிகை இணையத்துல போட்டது. டேவிட் கார்டும் இன்னும் மூணு பொருளாதார அறிஞர்களும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்கள்ல ஒரு பகுதி பேருக்கு மட்டும் அந்த இணையதளத்தைப் பத்தி சொல்லிட்டு, அப்புறம் எல்லார்கிட்டயும் வேலைத் திருப்தியைக் கேட்டாங்க. முடிவு 2012-ல வந்தது. சக ஊழியர்களோட நடு அளவைவிடக் கீழ வாங்கறவங்களுக்கு, விவரம் தெரிஞ்சதும் திருப்தி குறைஞ்சது, வேற வேலை தேடற எண்ணமும் கூடிச்சு. மேல வாங்கறவங்களுக்கு? திருப்தி ஒண்ணும் கூடல.

இங்கேயும் அதே நோட்டுதான். கீழ இருந்தா பதிவாகும், மேல இருந்தா பதிவாகாது. அதனால "அவனைத் தாண்டிட்டா நிம்மதி"ங்கிறது நடக்காத காரியம். தாண்டின அன்னைக்கே பக்கத்து காலத்துல இன்னொருத்தரோட எண் வந்து உட்கார்ந்துடும்.

"அப்போ சம்பளம் கேக்கவே கூடாதா?"

கேளுங்க! "இருக்கறதை வச்சு சந்தோஷமா இரு"ன்னு 26 வயசுல யாராவது சொன்னா எனக்கும் கோபம்தான் வந்திருக்கும். வருத்தம் எல்லாமே மனசோட கோளாறு இல்லை. சில வருத்தம் நியாயமானது. உங்க அனுபவத்துக்குக் கம்மியா சம்பளம் தர்றாங்கன்னா அது நிஜம். மேனேஜர் லீவு தரமாட்டேங்கிறார்னா அது நிஜம்.

ரெண்டையும் பிரிக்க ஆடிட்ல நாங்க கேக்கற கேள்வியையே கேளுங்க. ஒரு கம்பெனி "எங்களுக்குக் கடன் இருக்கு"ன்னு சொன்னா, எவ்வளவு, யாருக்கு, எப்போ கட்டணும்னு கேப்போம். உங்க வருத்தத்துக்கும் இதே மூணு கேள்வி: என்ன கிடைச்சா தீரும்? யார் தரணும்? எப்போக்குள்ள?

"என் அனுபவத்துக்கு வெளியில 14 லட்சம் தர்றாங்க. எனக்கு 11. மார்ச் அப்ரைசல்ல மேனேஜர்கிட்ட பேசணும். நடக்கலைன்னா செப்டம்பருக்குள்ள மாறணும்." மூணுக்கும் பதில் இருக்கு. இதுக்குப் பேர் வேலைத் திட்டம். உட்கார்ந்து புலம்பாம நடத்தி முடிங்க.

"எல்லாரும் எங்கயோ போயிட்டாங்க, நான் மட்டும் இங்கயே நிக்கறேன்." தொகை இல்லை, ஆள் இல்லை, தேதி இல்லை. இந்த வருத்தத்தை எந்த ஆஃபர் லெட்டரும் தீர்க்காது.

டேனியல் கானமன், மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், பார்பரா மெல்லர்ஸ் மூணு பேரும் சேர்ந்து 2023-ல வெளியிட்ட ஆய்வும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லுது. அமெரிக்கத் தகவல்களை வச்சுப் பார்த்தாங்க. பெரும்பாலானவங்களுக்கு வருமானம் கூடக்கூட மகிழ்ச்சியும் கூடுது. ஆனா ரொம்ப மகிழ்ச்சி குறைவா இருக்கற 20% பேருக்கு, வருஷம் சுமார் ஒரு லட்சம் டாலர் வரைக்கும்தான் பணம் உதவுது. அதுக்கு மேல வர்ற பணம் அவங்க வருத்தத்தைக் குறைக்கல. பணம் தீர்க்கற வருத்தம் உண்டு, அதைப் பணத்தால தீர்க்கணும். மத்ததுக்கும் பணத்தையே தேடிப் போனா, நம்ம நண்பருக்கு ஆன மாதிரி 3,85,000 ரூபாய் பில் வரும்.

செய்ய வேண்டியது மூணு

1. வாரம் ஒரு நாள் வரவு எழுதுங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி 10 நிமிஷம் போதும். அந்த வாரம் நல்லபடியா நடந்த 5 விஷயம். "நன்றி"ன்னு பெரிய வார்த்தை எல்லாம் வேண்டாம். "கிரெடிட் கார்டு பாக்கி முழுசா கட்டினேன்", "அம்மாவோட ஸ்கேன் ரிப்போர்ட் நார்மல்", "புதன்கிழமை 7 மணிக்கே வீட்டுக்கு வந்தேன்". 2003-ல ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ரெண்டு பேரும் இதை மாணவர்கள்கிட்ட 10 வாரம் செஞ்சு பார்த்தாங்க. நல்லதை எழுதினவங்க, தொல்லைகளை எழுதினவங்களைவிடத் தங்க வாழ்க்கையைப் பத்தி நல்லவிதமா உணர்ந்தாங்க. பெரிய இலக்கு ஏதாவது முடிஞ்சா எழுதறதோட விடாதீங்க. கடன் முடிஞ்சதா? வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டு ஒரு சாப்பாடு போடுங்க. அந்த ஆயிரம் ரெண்டாயிரம் வீண்செலவு இல்லை, முறையான பதிவு.

2. பக்கத்து காலத்துல உங்க எண்ணைப் போடுங்க. நம்ம நண்பருக்குப் போட்ட அதே தாள். இடது பக்கம் நீங்க வேலைக்குச் சேர்ந்த வருஷம், வலது பக்கம் இன்னைக்கு. சம்பளம், கடன், சேமிப்பு, காப்பீடு. அதோட பணம் இல்லாத மூணு வரி கண்டிப்பா இருக்கணும்: வீடு வர்ற நேரம், தூங்கற நேரம், மாசத்துல அப்பா அம்மாவோட சாப்பிட்ட நாள். மோசமானதையும் மறைக்காம எழுதுங்க. எதை மாத்தணும்னு அந்த வரிகள்தான் சொல்லும். நண்பரோட தாள்லயும் சம்பள வரியில கோளாறு இல்லை, 9.30 மணிங்கிற வரியிலதான் இருந்தது.

3. "இந்த வருஷம் இது போதும்"னு ஒரு எண் எழுதுங்க. மாசச் செலவு 40,000 ஆனா, ஆறு மாச அவசர நிதி 2,40,000. மாச எஸ்ஐபி ஒரு தொகை. கடன்ல இவ்வளவு குறையணும். இவ்வளவுதான். முக்கியமான விதி: இந்த எண்ணை வருஷத்துக்கு ஒரு தடவை, ஏப்ரல்ல மட்டும்தான் மாத்தலாம். நடுவுல யாரோ வீடு வாங்கின போட்டோ பார்த்துட்டு மாத்தக்கூடாது. போதும்ங்கிற எண்ணை எழுதி வைக்காதவங்களுக்கு எந்த எண் வந்தாலும் போதாது, ஏன்னா வந்து சேர்ந்ததே தெரியாது.

ஒரு விஷயம் கவனமா கேளுங்க. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் இல்லை, பசி இல்லை, பிடிச்ச விஷயம்கூடப் பிடிக்கலைன்னா, அதை இந்தத் தாள் சரிபண்ணாது. டாக்டரைப் பாருங்க. மத்திய அரசோட டெலி மானஸ் உதவி எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் பேசலாம், தமிழ்லயும் பேசலாம். கணக்குக்கு ஆடிட்டர்கிட்ட வர்ற மாதிரிதான் இதுவும், கூச்சப்பட ஒண்ணும் இல்லை.

அந்த நண்பர்

ரிட்டர்னைக் கெடு தேதிக்குள்ள போட்டோம். நஷ்டத்தை முன்னெடுத்துச் செல்லக் காட்டியாச்சு. எஃப் அண்ட் ஓ வசதியை அன்னைக்கே நிறுத்தச் சொன்னேன், என் முன்னாடியே நிறுத்தினார். அந்த 14,000-ஐ முதல்ல பர்சனல் லோனுக்குத் திருப்பினோம்.

ஆகஸ்ட்ல ஒரு மெசேஜ் வந்தது. ஊருக்குப் போனப்போ அந்தத் தாளை அப்பாகிட்ட காட்டியிருக்கார். நஷ்ட வரியையும் சேர்த்துத்தான். அப்பா திட்டுவார்னு பயந்திருக்கார். அவரோ கடன் வரியில அந்தப் பூஜ்ஜியத்தையே பார்த்துட்டு, "இது முடிஞ்சதுன்னு நீ என்கிட்ட சொல்லவே இல்லையேப்பா"ன்னு கேட்டிருக்கார். கடன் முடிஞ்சு 16 மாசம் கழிச்சு, அன்னைக்கு ராத்திரி வீட்டுல எல்லாரும் வெளியில போய் பரோட்டா சாப்பிட்டிருக்காங்க. பில் 1,140 ரூபாய். அதை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி, "சார், வரவுல எழுதிட்டேன்"னு போட்டிருந்தார்.

இந்த ஞாயித்துக்கிழமை நீங்களும் ஒரு தாள் எடுங்க. முதல் ஃபார்ம் 16-ஐத் தேடி எடுத்து இடது பக்கத்துல இருந்து ஆரம்பிங்க.

அடுத்த பதிவுல பார்ப்போம்.